மூடு என்றால் மூன்று

போன மாதம் புத்தூர் கல்யாணத்தில் என்னோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கும் எனக்கும் ஒரே வயது. ஒரே தெருவில் பிறந்தோம். நாலு வயதிலும் ஐந்து வயதிலும் ஒரே பஜனைக் கோயில் தரையில் கால் மடக்கி உட்கார்ந்தோம். அன்றைக்குப் பாயசம் பரிமாறுகிற நேரத்தில் பேச்சு எப்படியோ அந்தக் கோயிலில் நடந்த பாலவாடிக்குப் போயிற்று. என் அத்தை மகன்தான் ஆரம்பித்தான்.

"நாமக்கார டீச்சர் ஒண்ணு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? நம்மளையெல்லாம் ரோட்ல குந்த வெச்சி பிச்சை எடுக்க வுட்டுச்சே."

எல்லோரும் சிரித்தீர்கள்.

"படிப்பு சொல்லித் தர்றேன்னு வந்து, புளியாங்கொட்டை பொறுக்க வுட்டுக்கினு சம்பளம் வாங்கினு போச்சி" என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அதற்கும் சிரிப்பு.

 கூட்டத்தில் வாய் திறக்கிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது, அது உங்களுக்குத் தெரியும். பாயசத்தைத் தொடாமல் எழுந்துவிட்டேன். திருப்பதி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோதே இதை எழுதுவது என்று முடிவு செய்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன், எழுத்தில் பிழை இருக்கலாம். சொல்லும் விஷயத்தில் பிழை இல்லை. நீங்கள் சிரித்ததுதான் பிழை.

அந்த டீச்சரம்மா பலமனேர் பக்கத்திலிருந்து வந்தவர். ஆடி மாதப் பிறப்பில் வந்தார், ஐப்பசி மழையில் போய்விட்டார். அவ்வளவுதான் அவர் நம்மிடம் இருந்த காலம். சின்ன வயசு. நம் ஊர் ஆந்திரத்தோடு சேர்ந்தது, அவருக்குத் தெலுங்கு மட்டும்தான் தெரியும். வந்த வேலை நிரந்தரம் இல்லை. மேலதிகாரி ஒருநாள் வந்து பார்த்து, நன்றாக நடக்கிறது என்று எழுதினால் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இதை அவரே வந்த வாரத்தில் நம் அம்மாக்களிடம் தண்ணீர்க் குழாயடியில் சொல்லியிருக்கிறார். அதனால் தெருவுக்கே தெரியும். தெரிந்துதான் அப்படிச் செய்தார்கள். அதை முதலில் குறித்து வையுங்கள்.

அவருக்கு முன்னால் பாலவாடி எப்படி இருந்தது? ஒருவர் கத்துவார், எல்லோரும் கத்த வேண்டும். கத்தாதவன் தலையில் குட்டு. நான் கத்தாதவன். வீட்டிலும் பேசமாட்டேன். பசித்தால் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன், அவ்வளவுதான். என் அம்மா திருத்தணிக்கு வேண்டிக்கொண்டு நாக்கில் தேன் தடவிப் பார்த்தாள். என் அப்பாவான நைனா மட்டும், "வாயில்லாப் புள்ள, வுடு, ஊமைக் கோழி கூட பொழச்சிக்குது" என்பார். எனக்குக் காது நன்றாகக் கேட்டது. அது யாருக்கும் தோன்றவில்லை.

டீச்சரம்மா முதல் நாள் ஒரு கோணிப்பை கொண்டுவந்தார். அதற்குள் காலித் தீப்பெட்டிகள், புளியங்கொட்டை, கொட்டாங்குச்சிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு தீப்பெட்டியில் கைநிறைய கொட்டை போட்டுக் கொடுத்தார். கொட்டை வழவழவென்று இருக்கும், உள்ளங்கையில் வைத்தால் குளிர்ச்சி. நான் அதை மோந்து பார்த்தது ஞாபகம் இருக்கிறது. கந்தக வாசமும் புளி வாசமும் கலந்து வந்தது.

"மூடு தீயண்டி" என்றார். தெலுங்கில் மூன்று எடுங்கள் என்று அர்த்தம்.

நாம் எல்லோரும் தீப்பெட்டியை மூடினோம்.

அவர் நம்மைப் பார்த்தார். திரும்பவும், கொஞ்சம் மெதுவாக, "மூடு" என்றார். நாம் இன்னும் இறுக்கி மூடினோம். ஒருவன் பெட்டியின் மேல் உட்கார்ந்தே விட்டான். நம் கூட்டத்தில் பயமில்லாத பெண் ஒருத்தி இருந்தாளே, தறிக்காரர் மகள், அவள்தான் எழுந்து சொன்னாள்.

"மூடிட்டோம் டீச்சர். இதுக்கு மேல மூட முடியாது."

டீச்சரம்மாவுக்குப் புரியவில்லை. அவளைக் கூப்பிட்டு, தீப்பெட்டியைத் திறந்து, பிறகு தள்ளி மூடிக் காட்டி, "இதி மூடா?" என்று கேட்டார். "ஆமா, மூடு" என்றாள் அவள். அவர் மூன்று விரலைக் காட்டி, "இதி மூடு" என்றார். அந்தப் பெண், "அது மூணு" என்றாள்.  அதன் பிறகு டீச்சரம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, தூணைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் நம்மைத் திட்டியிருப்பார்கள், தெலுங்கு தெரியாத பிள்ளைகள் என்று. இவர் அந்தத் தப்பை எடுத்து விளையாட்டாக்கினார். 'மூடு' என்று சொன்னால் முதலில் தமிழ், அப்புறம் தெலுங்கு. ஒரு கையால் வாயை மூட வேண்டும். மற்றக் கையால் மூன்றைக் காட்ட வேண்டும். மூன்றை எங்கே காட்டுவது? "மூடு எக்கட உந்தி?" என்று கேட்டார். நாம் தினமும் பார்க்கிறவற்றில் மூன்று எங்கே இருக்கிறது என்று. அடுப்புக்கு மூன்று கல் என்று ஒருத்தி சொன்னாள். ஆட்டோவுக்கு மூன்று சக்கரம் என்று ஒருவன் சொன்னான். நான் பேசவில்லை. என் மூன்று விரலை எடுத்து நெற்றியில் நிமிர்த்தி வைத்தேன். நைனா புரட்டாசி சனிக்கிழமைகளில் திருமலைக்குப் போகும்போது போடுகிற நாமம்.

டீச்சரம்மா என்னைப் பார்த்தார். அவரும் மூன்று விரலை நெற்றியில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு எல்லோரும் வைத்தார்கள்.

உங்களில் யாருக்கும் இது ஞாபகம் இல்லை, எனக்குத் தெரியும். அந்த நாமத்தை முதலில் போட்டவன் நான். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. நான் பிறந்து ஒரு கேள்விக்குச் சொன்ன முதல் பதில் அது. வாயைத் திறக்காமலே பதில் சொல்லலாம் என்று ஒரு இடம் இந்த உலகத்தில் எனக்கு இருந்தது என்றால் அது அந்த பஜனைக் கோயில்தான். அது நிலைக்க வேண்டுமென்றால் அவர் வேலை நிலைக்க வேண்டும். ஐந்து வயதில் இதை இப்படிச் சொல்லத் தெரியாது. ஆனால் தினமும் காலையில் அம்மா எழுப்புவதற்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று அவளுக்கும் புரியவில்லை.

மத்தியானம் கோதுமை உப்புமா கொடுப்பார்களே, தையல் இலையில். அதற்கும் ஒரு விளையாட்டு வைத்திருந்தார். இலைக்கட்டை ஒரு பிள்ளையிடம் கொடுத்து ஆளுக்கு ஒன்று போடச் சொல்வார். கடைசியில் கேட்பார், அதற்குள் நம்மிடமிருந்து கற்றுக்கொண்ட தமிழில்: "எலை மிச்சமா, ஆளு மிச்சமா?" இலை மிச்சமானால் எத்தனை பேர் வரவில்லை என்று சொல்லிவிடலாம். ஆள் மிச்சமானால் அந்த ஆள் ஓவென்று அழுவான். ஒருநாள் தறிக்காரர் மகள் தனக்குப் போட்டுக்கொள்ளாமல் எல்லோருக்கும் போட்டுவிட்டு, "ஆளு மிச்சம், நான்தான்" என்று உட்கார்ந்தாள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கூடுதல், குறைவு என்பதை இதைவிட எப்படிச் சொல்லித் தருவது? எனக்கு இன்றைக்கும் டைல்ஸ் வேலையில் சரக்குக் குறைந்தால், மனதுக்குள் அந்தக் குரல்தான் கேட்கிறது.

அப்புறம் நூல். தறிக் கொட்டகைகளில் இருந்து கழிவு நூலை வாங்கி வந்து, ஒவ்வொருவரையும் சுவரில் நிற்க வைத்து, தலையிலிருந்து குதிகால் வரை நூல் பிடித்து வெட்டினார். என் நூல் சிவப்பு. எல்லாவற்றையும் வரிசையாக ஆணிகளில் தொங்கவிட்டார். எது நீளம், எது குட்டை, எந்த இரண்டு சமம் என்று நாமே மாற்றி மாற்றி மாட்டினோம். காற்று வந்தால் நாம் எல்லோரும் சுவரில் ஆடுவோம். குட்டையானது என்னுடையதுதான். அதைப் பற்றி ஒருவன் கேலி செய்தபோது, அவர் அவனுடைய நூலையும் என் நூலையும் முடிந்து ஒன்றாக்கி, "இப்ப யாரு பெரிசு?" என்று கேட்டார். அவன் யோசித்துக்கொண்டே இருந்தான். அவன் யார் என்று எழுதவில்லை. பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான்.

இதையெல்லாம் வெளியில் நின்று பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? பள்ளிக்கூடத்துப் பெரிய சார் பக்கத்துக் கட்டிடத்தில்தான் இருந்தார். சத்தம் போடாத பாலவாடி அவருக்குப் பிடிக்கவில்லை. "பிள்ளைங்க வாயிலேர்ந்து ஒரு எழுத்து வரல, சாமான் வெச்சி ஆடிக்கினு கீதுங்க" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நைனாவும் மற்றவர்களும் தலையாட்டுவார்கள். அவர்களில் யாரும் ஒருநாள் கூட உள்ளே வந்து அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்ததில்லை.

ஆடிக் கிருத்திகை வந்தது. நம் தெருமுனையிலிருந்து திருத்தணி ரோட்டைப் பார்த்தால் அன்றைக்கு ரோடே மஞ்சளாக இருக்கும். காவடிகள், பம்பைச் சத்தம், வேப்பிலை வாசனை, வெயிலில் வெந்த தார். டீச்சரம்மா நம்மைக் கூட்டிக்கொண்டு போய் ரோட்டோரப் புளியமரத்து நிழலில் வரிசையாக உட்கார வைத்தார். ஆளுக்கு ஒரு கொட்டாங்குச்சி. மடியில் புளியங்கொட்டை. ஒரு காவடி போனால் கொட்டாங்குச்சியில் ஒரு கொட்டை போட வேண்டும். எத்தனை என்று சொல்லத் தெரியாத பிள்ளையும் போட முடியும். கண்ணால் பார்க்கிறோம், கையால் போடுகிறோம், வாய்க்கு வேலை இல்லை. எனக்கென்றே செய்ததுபோல் இருந்தது.

காவடிக்காரர் ஒருவர் ஆடி முன்னால் போய், திரும்பிப் பின்னால் வந்து, திரும்ப முன்னால் போனார். நான் கொட்டையைப் போட்டு, எடுத்து, திரும்பப் போட்டேன். தறிக்காரர் மகள், "இவன் ஒரே முருகனை ரெண்டு வாட்டி எண்றான் டீச்சர்" என்று கோள் சொன்னாள். டீச்சரம்மா என் கொட்டாங்குச்சியை எட்டிப் பார்த்துவிட்டு, "கரெக்டு" என்றார்.

அப்போது மஞ்சள் புடவை கட்டின ஒரு அம்மா என் முன்னால் நின்றாள். என்னைப் பார்த்தாள். பாவம் என்று தலையைத் தடவி, என் கொட்டாங்குச்சியில் ஒரு காசு போட்டுவிட்டுப் போனாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் வரிசையில் இருந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு காசு போட்டார்கள். சாமிக்குப் போகிறவர்கள், வழியோரம் கொட்டாங்குச்சி வைத்துக்கொண்டு உட்கார்ந்த குழந்தைகளைப் பார்த்தால் வேறு என்ன நினைப்பார்கள்? நான் காசை எடுத்து மண்ணில் வைத்தேன், அது காவடி இல்லையே. டீச்சரம்மா எல்லாக் காசையும் பொறுக்கிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே ஓடினார். "வாணாம்மா, புள்ளைங்களுக்கு எதுனா வாங்கிக் குடு" என்று ஒருவரும் திருப்பி வாங்கவில்லை. அவர் அதைக் கொண்டுபோய்க் கோயில் உண்டியலில் போட்டார். நான் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள்.

திரும்பி வந்து எல்லாக் கொட்டையையும் பஜனைக் கோயில் தரையில் கொட்டினோம். பத்துப் பத்தாகக் கூட்டி வரிசை வைத்தோம். தூணிலிருந்து ஆரம்பித்தது வாசற்படி வரைக்கும் போயிற்று. "முருகன் வாசப்படி வரைக்கும் வந்துட்டாரு" என்றாள் தறிக்காரர் மகள். நம்மில் சிலர் உண்மையிலேயே அந்த வரிசையைக் கும்பிட்டோம். பத்து என்பது என்ன என்று நான் அன்றைக்குத்தான் கண்டேன், காதால் கேட்டதல்ல, கண்ணால் கண்டேன்.

சாயங்காலம் தெருவே வந்து வாசலில் நின்றது. நைனாதான் முன்னால்.

"ஏம்மா, எங்க புள்ளைங்க இன்னா பிச்சைக்காரப் புள்ளைங்களா?"

"லேது அண்ணா. எண்ணினாங்க. காவடி எண்ணினாங்க."

"காவடிய எண்ணி இன்னாத்துக்கு? முருகனுக்குக் கணக்கு ஒப்படைக்கணுமா?"

கூட்டம் சிரித்தது. டீச்சரம்மா தரையைக் காட்டினார். கொட்டை வரிசை அங்கேயே இருந்தது. "சூடண்டி அண்ணா, மீ பாபுதான் வெச்சான்" என்று என்னைக் காட்டினார். பாருங்கள், உங்கள் பிள்ளை வைத்தது என்று. நைனா அந்த வரிசையைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அதன் மேலேயே நடந்து வெளியே போனார். கொட்டைகள் காலில் பட்டுச் சிதறின சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

நைனா கெட்டவர் இல்லை. அதை எழுதித்தான் ஆக வேண்டும். பகலும் இரவும் கூலிக்குத் தறி ஓட்டி எங்களை வளர்த்தவர். ஆனால் மானம் என்று வந்துவிட்டால் கண் மூடிக்கொள்கிற ஜாதி நம் பெரியவர்கள். கீழே குனிந்து ஒரு தரம் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. பெரிய சார் மேலே சொல்லி அனுப்புகிறேன் என்றார், எல்லோரும் சரி என்றார்கள்.

மேலதிகாரி ஐப்பசியில் வந்தார். அன்றைக்கு மழை. ஜீப்பிலிருந்து இறங்கும்போதே செருப்பில் சேறு, முகத்திலும் அதே கடுப்பு. கூடவே பெரிய சார். நைனாவும் தெருக்காரர்கள் சிலரும் சன்னலுக்கு வெளியே கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். டீச்சரம்மா நல்ல புடவை கட்டியிருந்தார், தலையில் கனகாம்பரம். நமக்கெல்லாம் முகம் கழுவி விட்டிருந்தார். சுவரில் நூல்கள் தொங்கின, தரையில் கொட்டாங்குச்சிகள் சின்னதிலிருந்து பெரிது வரை அடுக்கியிருந்தன. அதிகாரி அவற்றைத் தாண்டி நடந்து கரும்பலகைக்குப் போனார். சாக்பீஸ் எடுத்து ஒரு எண்ணை எழுதினார். பிரம்பால் தட்டி, குட்டை என்பதால் முன் வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைக் கேட்டார்.

"இதி எந்த?" இது எத்தனை என்று.

அந்த வளைந்த கோடு என்ன என்று எனக்குத் தெரியாது. டீச்சரம்மா எழுத்தை இன்னும் காட்டவில்லை. முதலில் பொருள், பிறகுதான் எழுத்து என்று வைத்திருந்தார். நான் சும்மா இருந்தேன். அவர் பக்கத்துப் பிள்ளையைக் கேட்டார். அதுவும் சும்மா இருந்தது. அவருக்குப் பொறுமை போய்விட்டது. பலகையில் ஓங்கித் தட்டி அவரே சொன்னார்.

"மூடு!"

அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்குத்தானே இத்தனை நாள் காத்திருந்தோம். பஜனைக் கோயிலில் இருந்த அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒரு கையால் வாயைப் பொத்தினோம். மற்றக் கையின் மூன்று விரலை நெற்றியில் நிமிர்த்தினோம். விளையாட்டில் எப்போதும் சிரிப்போம், அதேபோல் பொத்தின வாய்க்குள் சிரித்தோம்.

ஒருவனும் தப்பவில்லை. ஒரு விரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் கேட்டது மூன்று, எல்லோரும் மூன்று காட்டினோம். அந்த மாவட்டத்தில் எந்தப் பாலவாடியில் அப்படி ஒரு பதில் அவருக்குக் கிடைத்திருக்கும்?

அவர் முகம் கறுத்துப்போயிற்று. நாமம் போடுவது என்றால் ஏமாற்றுவது. தமிழிலும் அதுதான், தெலுங்கிலும் அதுதான். வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு, நெற்றியில் நாமம் காட்டுகிற பிள்ளைகள்.

"நாக்கே நாமாலு பெடதாரா?" என்றார். எனக்கே நாமம் போடுகிறீர்களா என்று.

டீச்சரம்மா முன்னால் வந்தார். "காது சார், தமிழ்லோ மூடு அண்டே..." இல்லை சார், தமிழில் மூடு என்றால் என்று ஆரம்பித்தார்.

"நுவ்வு மாட்லாடகு."

நீ பேசாதே என்றார். அன்றைக்கு அந்த இடத்தில் ஒருவர் வாயை ஒருவர் உண்மையிலேயே மூடினார் என்றால் அது அப்போதுதான்.

இனிமேல்தான் எனக்கு ஆறாத கோபம். சன்னலுக்கு வெளியே நின்றவர்கள் எல்லோருக்கும் இரண்டு பாஷையும் தெரியும். சந்தையில் தெலுங்கு, வீட்டில் தமிழ் என்று பிறந்ததிலிருந்து பேசுகிறவர்கள். 'மூடு' என்றால் இங்கே மூடுவது, அங்கே மூன்று, இது நம் ஊரில் எல்லா வீட்டிலும் சொல்லிச் சிரிக்கிற வேடிக்கை. அவர்களில் ஒருவர், ஒரே ஒருவர், "சார், எங்க பாஷையில அதுக்கு வேற அர்த்தம் சார்" என்று சொல்லியிருந்தால் போதும். அதிகாரியும் சிரித்திருப்பார். பெரிய சாருக்கும் தெரியும். அவர் தமிழ் வீட்டில்தான் குடியிருந்தார். அவர் குடையை விரித்து அதிகாரி தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஜீப் வரைக்கும் போனார். நைனா சிரித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் டீக்கடையில், "ஆபீசருக்கே நாமம் போட்டாப்பா எங்க டீச்சரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நாமக்கார டீச்சர் என்கிற பேர் அங்கே பிறந்தது. அதைத்தான் போன மாதம் பந்தியில் நீங்கள் பரிமாறினீர்கள்.

அடுத்த வாரம் டீச்சரம்மா போனார். சொல்லிக்கொண்டு போகக் கூட விடவில்லை. பாலவாடி இல்லாத ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏற்றிவிட்டார்கள். நாம் பஜனைக் கோயிலுக்குப் போனபோது சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன. குப்பை என்று நூல்களைப் பெருக்கித் தள்ளிவிட்டிருந்தார் பெரிய சார். கொட்டைகளைத் தறிப் பாவு நூலுக்குப் பசை காய்ச்சுகிற வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். நான் சாக்கடையோரம் தேடினேன். சிவப்பு நூல்கள் நிறையக் கிடந்தன, நம் தெருவில் சிவப்பு நூலுக்கா பஞ்சம்? எது நான் என்று தெரியவில்லை.

நான் இப்போது திருப்பதியில் டைல்ஸ் போடுகிறவன். போன வருஷம் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில், மூன்று நாலு வயதுப் பிள்ளைகள் படிக்கிற அறைக்குத் தரை போட்டோம். எண் எழுதின கலர் டைல்ஸ், பாண்டி ஆடுகிற மாதிரி. கடைசி நாள் ஓரத்தில் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தேன். பிள்ளைகளை உள்ளே விட்டார்கள். தட்டுத் தட்டாக விதைகள், மரக்கட்டைகள், ரிப்பன்கள். டீச்சர் ஒரு எண்ணைச் சொன்னார், பிள்ளைகள் அத்தனை விதையை எடுத்து வைத்தார்கள். ரிப்பனால் ஒருவர் உயரத்தை ஒருவர் அளந்தார்கள். பெற்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று செல்போனில் படம் எடுத்தார்கள்.

"எவ்வளவு நல்ல மெத்தட் பாருங்க. நம்ம காலத்துல இதெல்லாம் எங்க?" என்றார் ஒரு அப்பா. நகரிப் பக்கத்துத் தமிழ்தான். அவர் கட்டியிருக்கிற ஃபீஸைக் கேட்டால் உங்களுக்குத் தலை சுற்றும்.

சூப்பர்வைசர் வந்து, "இன்னா மேஸ்திரி, வேலையை வுட்டுட்டு வேடிக்கை பாத்துக்கினு நிக்கிற?" என்றார். "ஒண்ணும் இல்ல சார்" என்றேன். நம் காலத்திலும் இருந்தது சார், நாங்கள்தான் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டோம் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் நன்றாக இருக்கட்டும். அதே விதை, அதே நூல். பலமனேர்க்காரப் பெண் கோணிப்பையில் கொண்டுவந்தால் பிச்சை. கண்ணாடி அறைக்குள் வைத்தால் படிப்பு.

டீச்சரம்மா போன பிறகு எனக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் யாரும் கேட்டதில்லை. நீங்களெல்லாம் அடுத்த ஜூனில் ஒண்ணாம் கிளாஸ் போனீர்கள். நான் உங்களோடு வரவில்லை, ஒரு வருஷம் கழித்துத்தான் வந்தேன். உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பீர்கள். அம்மா எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னாள்.

அந்த ஜூனில் நைனா என்னைப் பெரிய சார் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். புதுச் சட்டை, கஞ்சி வாசனை மாறாதது, கழுத்தில் அரித்தது. பெரிய சார் என்னைப் பார்த்து, பாலவாடியில் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்பதுபோல் உதட்டைப் பிதுக்கினார்.

"மூடூ ரெண்டூ எந்த?" என்றார். மூன்றும் இரண்டும் எத்தனை.

நான் வலது கையை எடுத்து அவர் முன்னால் விரித்துக் காட்டினேன். ஐந்து விரலும் நன்றாக விரிந்திருந்தன.

பிரம்பு விரல்களின் மேல் விழுந்தது. "நோரு தெரிச்சி செப்பரா" என்றார். வாயைத் திறந்து சொல் என்று. எனக்கு வாய் வரவில்லை. வலியிலும் கையைக் கீழே போடவில்லை, திரும்பவும் விரித்துக் காட்டினேன். இரண்டாவது அடி. நைனா பதறிப்போனார். நான் அடி வாங்குவது அவருக்குப் பொறுக்கவில்லை, அதையும் நான் பார்த்தேன்.

"கையை ஆட்டாதடா, வாயால சொல்லு. சாருக்கு மரியாதை குடு" என்று, என் விரல்களை மடக்கித் தன் கைக்குள் பிடித்துக்கொண்டார்.

பெரிய சார் பிரம்பைக் கீழே வைத்தார். "இவனுக்கு இன்னும் எண்ணவே வரல. அடுத்த வருஷம் கூட்டினு வா" என்றார்.

"சரிங்க சார்" என்றார் நைனா.

ஐந்து என் கையிலேயே இருந்தது. வீடு வந்து சேரும் வரைக்கும் நைனா அந்தக் கையை விடவில்லை.